முதிரை சாகவில்லை, ஐயா!

மரம் அளப்பது என்பது சும்மா நிற்கிற ஒன்றைச் சும்மா பார்த்துவிட்டு வருகிற வேலை என்று நினைப்பவர்கள், ஆடி மாதத்து நடுப்பகலில் அளவு நாடாவும் சுத்தியலும் தண்ணீர்ப் போத்தலுமாக ஒரு மலைச்சரிவில் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.

வெயிலில் நின்று செய்த வேலையை, நிழலில் இருக்கும் ஒருவர் ஒரே வசனத்தில் இல்லை என்று ஆக்கிவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். குடிசன மதிப்புக்குப் படலை படலையாக அலைந்தவர்களே, மின்மானி வாசிக்கப் போய் நாயிடம் ஓடியவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நான் குருக்கள்மடத்துக்காரி. ஏழு வருடமாகக் கரடியனாற்றுக்கு மேற்கே ஒரு கல்மலையின் சரிவில் மரங்களை அளந்து எழுதி வருகிறேன். பதவியின் பெயர் கள உதவியாளர். ஒவ்வொரு மரத்திலும் இலக்கமிட்ட ஒரு தகரத் துண்டு இருக்கும். வருடம் ஒருமுறை அதன் சுற்றளவு என்ன, உயரம் என்ன, உயிரோடு இருக்கிறதா, பட்டுப்போய்விட்டதா என்று படிவத்தில் குறிக்க வேண்டும்.

இப்போது அந்தச் சரிவை வெட்டி வெளியாக்கித் தேக்கு நட ஒரு திட்டம் வந்திருக்கிறது. வெட்டுவதற்குச் சொல்லும் காரணம், அது ‘பட்ட காடு’ என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கிறதாம். அந்த ஒரு சொல்லின் மேல் எனக்குள்ள கோபத்தில்தான் இந்தத் துணுக்குகளை எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் கொஞ்சம் எனக்கே சேர வேண்டியது. அதை நடுவில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் மிச்சத்தை வாசிக்க மாட்டீர்கள்.

பஸ்ஸில் ஒரு விசாரணை

செங்கலடியில் பஸ் மாறி ஏறும்போது என் பையிலிருந்து உயரம் அளக்கும் தடி அரைவாசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டால் யாராவது ஒருவர் விசாரணையைத் தொடங்காமல் இருக்க மாட்டார். ஒருநாள் கத்தரிக்காய்ச் சாக்கோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, தூண்டிலா என்று கேட்டார். இல்லை என்றேன். பந்தல் போடுகிற வேலையா என்றார். அதுவும் இல்லை என்றேன். பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். மலைச்சரிவில் எத்தனை வகை மரம் நிற்கிறது, எது வளர்கிறது, எது நின்றுபோனது, எங்கே புதிய கன்று முளைத்திருக்கிறது என்று வருடா வருடம் பார்த்தால்தான் அந்தக் காடு நலமாக இருக்கிறதா என்று தெரியும் என்றேன். முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் திரும்பிக் கேட்டார்கள். நான் சற்று உற்சாகமாகி, மண், வேர், தண்ணீர் என்று கரடியனாறு வரும்வரை பேசினேன்.

அந்த அம்மா முழுவதையும் கவனமாகக் கேட்டார். இறங்குகிற நேரம் சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, உண்மையான கவலையோடு என்னைக் கேட்டார்: “அப்ப போன வருசமும் இதே மரங்களத்தானே புள்ள எண்ணின? ராவைக்கு எங்கயும் எழும்பிப் போயிருமெண்டு பயமா?”

கச்சான் நுழையாத மடிப்பு

கச்சான் காற்றைப் பற்றி எங்கள் பகுதியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து வரும் அந்த வறட்டுக் காற்று, உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காயவைத்துவிடும். உதட்டையும் சேர்த்துத்தான். எங்கள் மலையின் மேற்குப் பக்கத்தில் அது நேராக வந்து மோதுகிறது. அங்கே கல்லும் முட்பற்றையும் கட்டையாகிப்போன சில வீரை மரங்களும்தான் மிச்சம். கிழக்குப் பக்கம் அப்படியல்ல. இரண்டு கல் முதுகுகளுக்கு நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது. காற்று அதற்குள் இறங்காமல் தலைக்கு மேலே போய்விடும். மாரி மழை மேலேயிருந்து அடித்துக்கொண்டு வந்த மண் முழுவதும் அந்த மடிப்பில் தங்கியிருக்கிறது. மேற்கில் விரல் நுனி அளவு மண், இங்கே மண்வெட்டிப் பிடி இறங்குகிற மண். அதனால் மேற்கில் பத்து மரம் பார்த்தால் இரண்டு மூன்று வகைதான் இருக்கும். இங்கே பத்து மரமும் பத்துச் சாதி. முதிரை, வேங்கை, தான்றி, சமண்டலை, கருங்காலி, கொன்றை, மருது, பாலை, இன்னும் சில. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதுமில்லை.

கோடை வந்தால் இவற்றில் பெரும்பாலானவை இலையை உதிர்த்துவிட்டு, கிடைத்த ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்து நிற்கும். எல்லாம் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை. முதிரை மொட்டையாக நிற்கும்போது பக்கத்தில் பாலை ஒன்றும் நடக்காததுபோல் பச்சையாக நிற்கும். இதுதான் எங்கள் காட்டின் சுபாவம். ஒருநாள் அலுவலகத்திலிருந்து, வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படம் ஒன்று அனுப்பினார்கள். எங்கள் மடிப்பு முழுவதும் வெளிறிய மண் நிறத்தில், ‘வெற்று நிலம்’ என்று குறியிட்டுக் கிடந்தது. படத்தின் மூலையில் திகதி பார்த்தேன். ஆவணி மாதம், கச்சானின் உச்சம். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

என்னோடு வேலை செய்கிறவர் பேரின்பம். கதிரவெளிக்காரர். ஏறக்குறைய என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த குடும்பம் என்பதால் மரத்தின் தோலைத் தடவியே பெயர் சொல்வார். அளவு நாடாவைப் பிடிப்பது அவர், எழுதுவது நான். படத்தை விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு இலையில்லாமல் நின்ற முதிரைகளைப் பார்த்தார். “படம் எடுக்கப் போறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, பாவங்கள், உடுத்திட்டு நிண்டிருக்குமே அக்கா.”

தகரத் துண்டு

இரண்டாம் வருடம் அளக்கப் போனால் மடிப்பின் கீழ்ப்பக்கத்தில் ஒரு மரத்திலும் தகரத் துண்டு இல்லை. ஆணி மட்டும் இருந்தது. சில இடங்களில் ஆணியும் இல்லை. இலக்கம் போனால் எந்த மரம் எதுவென்று தெரியாது. பழைய படிவத்தை வைத்துச் சுற்றளவை ஒப்பிட்டு, வரைபடத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு கிழமை போனது. நானும் பேரின்பமும் அந்தக் கள்ளனுக்கு என்னென்ன வியாதி வர வேண்டும் என்று வேலையோடு வேலையாக முடிவு செய்துகொண்டிருந்தோம்.

கள்ளன் தானாகவே வந்தார். மலைக்குக் கீழே உள்ள வட்டையின் விதானையார் அவர். வட்டை என்பது பல பேருடைய வயல்கள் சேர்ந்து கிடக்கும் பெருநிலம், அதற்கு எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது என்று தீர்மானிக்கிறவர் விதானையார். மடிப்பிலிருந்து கசிந்து வரும் ஊற்றுத்தான் அவருடைய மேல் வாய்க்காலின் உயிர். ஒரு சீமெந்துப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே எங்கள் தகரத் துண்டுகள், ஒன்றுவிடாமல். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அரசாங்கப் பொருள் என்றேன், இரண்டு கிழமை வேலை என்றேன், உங்களுக்கு என்ன பைத்தியமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கத்தவில்லை. இலக்கம் போட்டவுடனேயே வெட்ட ஆள் வரப்போகிறது என்று பயந்து, விடியும் முன்னமே எழும்பி வந்து கழற்றினாராம். ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று கேட்டேன். “நம்பர் அடிச்ச மரம் மறு வருசம் நிண்டத நான் என்ட சீவியத்தில காணல்ல புள்ள.”

காட்டைக் கூட்டியவர்கள்

சுற்றாடல் தினம் என்று ஒன்று வருகிறது. அன்றைக்கு மரங்களை யாராவது காப்பாற்ற வேண்டும், குறிப்பாகச் சுற்றாடல் நேயர்களிடமிருந்து. பட்டினத்திலிருந்து ஒரு சங்கம் சிரமதானத் துப்புரவுப் பணி செய்ய எங்கள் மடிப்புக்கு வந்தது. ஒரே நிறத்தில் சட்டை, ஒரே நிறத்தில் தொப்பி, ஆளுக்கொரு தும்புத்தடி. நாங்கள் அன்று மேற்குப் பக்கம் அளந்துகொண்டிருந்தோம். புகை மணம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், மடிப்பின் அடிவாரத்தில் ஒரு வீட்டு வளவு அளவுக்கு நிலத்தைக் கூட்டிப் பெருக்கி, இலைகளைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். நெருப்பு மேலே ஏறாமல் இருந்ததற்குக் கச்சான் நுழையாத அந்த மடிப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த இலைதான் எங்கள் காட்டின் பாதிச் சீவியம் என்று எப்படிச் சொல்வது? உதிர்ந்த இலை அடுக்கடுக்காகக் கிடந்து உக்கி மண்ணாகிறது. மாரி மழை விழும்போது அது பாய்ந்து ஓடாமல் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. அதன் அடியில்தான் தான்றி விதை முளைக்கிறது, அதன் நிழலில்தான் முதிரைக் கன்று முதல் கோடையைத் தாண்டுகிறது. நான் கன்று கன்றாக எண்ணி எழுதியவற்றை அவர்கள் தும்புத்தடியால் தள்ளிக் குவித்திருந்தார்கள். அந்த மாரியில் விதானையாரின் மேல் வாய்க்காலில் முதல்முறையாகச் சேறு வந்து நின்றது. கூட்டிய இடத்திலிருந்து வந்த சேறுதான். வாய்க்காலை அவரும் வயற்காரர்களும் மூன்று நாள் வெட்டித் துப்புரவாக்கினார்கள். அதற்கு யாரும் தொப்பி போட்டுக்கொண்டு வரவில்லை.

அன்றைக்கு, கோபத்தில் பேச்சு வராமல் நின்ற என்னைப் பார்த்து, நான் வியந்துபோய் நிற்கிறேன் என்று சங்கத்தின் தலைவி நினைத்துவிட்டார். ஓர் ஆசிரியை, நல்ல மனுஷி, முகமெல்லாம் வியர்வை. என் தோளில் கை போட்டுச் சொன்னார்: “என்ன குப்பையாக் கிடந்திச்சு மிஸ் இந்த இடம்! இப்ப பாருங்க, சோறு போட்டுச் சாப்பிடலாம்.”

தேக்குக்கு ஒரு நீதி

போன வருடம் ஆடியில்தான் திட்ட அதிகாரி வந்தார். வாகனத்திலிருந்து இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சரிவைப் பார்த்தார். முதிரை மொட்டை, வேங்கை மொட்டை, தான்றி மொட்டை. காலடியில் சருகு. “எல்லாம் பட்டுப் போச்சு” என்றார். மாரி தொடங்குவதற்கு முன்னால் வெட்டி, முதல் மழையோடு தேக்கு நடப்போவதாகச் சொன்னார். செத்துப்போன ஒருவரின் வீட்டுக்கு வந்தவர்போல் குரலைத் தாழ்த்தி வேறு சொன்னார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன். சேர், இது பட்டதில்லை, உதிர்த்திருக்கிறது என்றேன். தலையாட்டினார். கோடையில் உதிர்த்தால்தான் இவை பிழைக்கும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். இந்த மடிப்பு போனால் கீழே வட்டைக்கு ஊற்று நின்றுபோகும் என்றேன். குளத்திலிருந்துதானே வயலுக்குத் தண்ணீர் வரும், மரத்திலிருந்தா வரும் என்று சிரித்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வரும் வழியில் வீதியோரத்தில் தேக்கந்தோட்டம் ஒன்றைக் கண்டிருப்பீர்களே என்று கேட்டேன். ஓம், கண்டேன் என்றார். அதில் எத்தனை மரத்தில் இலை இருந்தது என்று கேட்டேன். தேக்கும் கோடையில் உதிர்க்கிற மரம்தான், எங்கள் முதிரையைவிட மோசமாக, சோற்றுக்கோப்பை அகலமான இலையைச் சரசரவென்று கொட்டும். அதை ஏன் பட்ட காடு என்று எழுதவில்லை என்று கேட்டேன். பேரின்பம் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். அதிகாரி முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். “அது எங்களுக்குத் தெரியும் மிஸ். தேக்கு உதிர்க்கலாம், அது நாங்க நட்ட மரம்.”

என் கையெழுத்து

இனி நான் மறைத்து வைத்திருந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தில் கூட்டம். நான் ஏழு வருட அனுபவத்தோடும் அதைவிடப் பெரிய கோபத்தோடும் போயிருந்தேன். யார் அந்தச் சரிவைப் பட்ட காடு என்று எழுதியது, அவர் ஒரு மரத்தையாவது தொட்டுப் பார்த்தாரா, அவர் பெயரைச் சொல்லுங்கள் என்று மேசையைத் தட்டினேன். அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு படிவத்தை என் பக்கமாகத் தள்ளினார். முதல் வருடத்துப் படிவம். வரிசை வரிசையாக மர இலக்கங்கள், எதிரே ‘பட்டது’ என்ற கட்டத்தில் புள்ளடி, புள்ளடி, புள்ளடி. கீழே வட்டமான ஓர் எழுத்தில் கையெழுத்து. என்னுடையது.

நான் கடற்கரை ஊரில் பிறந்தவள். குருக்கள்மடத்தில் தென்னை, பனை, மா, மரமுந்திரி, எல்லாம் ஆடியிலும் பச்சைதான். எங்கள் ஊரில் இலையில்லாமல் நிற்கிற மரம் என்றால் அது விறகு, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, ஆவணியில், மூன்று நாளில் முடி என்று படிவத்தைக் கையில் தந்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்து, இலை இருந்தால் உயிர், இல்லாவிட்டால் பட்டது என்று கிடுகிடுவென்று புள்ளடி போட்டேன். மாரியில் ஏதோ வேலையாகத் திரும்பப் போனபோது நான் சாகடித்த மரங்கள் எல்லாம் தளதளவென்று நின்றன. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டாம் வருடத்திலிருந்து சரியாக எழுதினால் பழையது தானாக மறைந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் திட்டம் போடுகிறவர்கள் முதல் வருடத்தைத்தான் அடிப்படை என்று எடுப்பார்களாம். மற்ற ஆறு வருடப் படிவங்களைக் கட்டியிருந்த நூலைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. அதிகாரி என்னை ஏசவில்லை. “அப்ப எழுதினது பிழையெண்டா, இப்ப எழுதுறது சரியெண்டு நாங்க எப்பிடி நம்புற மிஸ்?” என்று மட்டும் கேட்டார்.

இதில் இன்னும் கேவலமான ஒன்று உண்டு. பேரின்பம் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாம் வருடம். அந்த முதல் படிவத்தின் கையெழுத்தில்லாத தட்டச்சு நகலைக் கண்டு, எனக்கு முன்னால் இருந்த யாரோ எழுதியது என்று நினைத்து, இதை எந்த மடையன் எழுதினான் என்று வருடா வருடம் ஏசுவார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டி வந்தேன், ஒன்றிரண்டு ஏச்சைக் கூடச் சேர்த்தும் கொடுத்திருக்கிறேன். கூட்டம் முடிந்து மறுநாள் காலை, மலையடியில் பிளேன்ரீ குடிக்கும்போது அவரிடம் உண்மையைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஆறு வருசமா உங்களத்தானா அக்கா ஏசின நான்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா கொஞ்சம் மரியாதையா ஏசியிருப்பனே.”

சாவியும் நகமும்

என்னை நம்ப வேண்டாம், நீங்களே வந்து பாருங்கள் என்று அதிகாரிக்கு எழுதினேன். முதல் படிவத்தில் செய்தது என்னுடைய பிழை என்றும் அதே கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் மடிப்பு போனால் அந்த வேலையை வைத்துக்கொண்டு நான் எதை அளப்பது? ஆவணியில் அதிகாரி வந்தார். அவருடைய சாரதி, விதானையார், பேரின்பம், நான், மொத்தம் ஐந்து பேர் ஏறினோம். நான் பட்டது என்று புள்ளடி போட்ட இலக்கங்களில் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று படிவத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். முதல் இலக்கம் ஒரு முதிரை. பேரின்பம் தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து வளைத்தார். நான் நுனிக் கொம்பை நகத்தால் சுரண்டினேன். சாம்பல் தோலுக்குக் கீழே வெள்ளரிப் பிஞ்சின் பச்சை. ஒன்றை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார் அதிகாரி. இரண்டாவது மரமும் பச்சை. மூன்றாவதை நானே சுரண்டுகிறேன் என்று அவர் முன்னால் வந்தார், ஒட்ட வெட்டிய நகம் என்பதால் ஒன்றும் வரவில்லை, வாகனச் சாவியை எடுத்துச் சுரண்டினார். பச்சை. நான்காவது வேங்கை. அதற்குத் தாழ்ந்த கொம்பு இல்லை என்பதால் அடிமரத்தில் சாவியை அழுத்திக் கீறினார். சிவந்த பிசின் கசிந்து சாவியிலும் சட்டைக் கையிலும் ஒட்டியது. சாரதிக்கும் ஆசை வந்துவிட்டது, தனக்குத் தெரிந்த மரத்தையெல்லாம் சுரண்டத் தொடங்கினார்.

ஒரேயொரு மரம் உள்ளே கறுத்துக் காய்ந்திருந்தது. அதிகாரியின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. இது பட்டதுதானே என்றார். ஓம் சேர், இது பட்டது என்றேன். படிவத்தில் தேடினார். சாரதி இலக்கம் மாறிச் சுரண்டிய மரம் அது, அதற்கு நான் முதல் வருடம் உயிருடன் என்று புள்ளடி போட்டிருந்தேன். அதன்மேல் படர்ந்திருந்த கொடியின் பச்சையைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அதையும் சொன்னேன். சத்தமாகச் சிரித்தவர் பேரின்பம் மட்டும்தான்.

அதற்குப் பிறகும் அதிகாரிக்கு மனம் ஆறவில்லை. மொட்டையாக நின்ற சரிவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரங்களையே குற்றம் சாட்டுவதுபோல், உயிர் இருந்தால் ஏன் இப்படிச் செத்ததுபோல் நிற்க வேண்டும் என்று கேட்டார். விதானையார் கல்லில் ஏறி நின்று கீழே கையைக் காட்டினார். நெல் வெட்டு முடிந்து, ஒரு புல்லும் இல்லாமல், வெடித்துக் கிடந்தது வாய்க்கால் எட்டாத, வானம் பார்த்த மேட்டு வட்டை. “கச்சானில எங்கட வட்டையும் இப்பிடித்தான் மொட்டையாக் கிடக்கு சேர். அதையும் பட்டதெண்டு எழுதிட்டு, தேக்கு வைக்கப் போறயளா?”

மாரி வந்த பிறகு

கடிதம் வந்தது. சரிவை இந்த வருடம் வெட்டுவதில்லை, அடுத்த கோடையில் மறு அளவீடு செய்து முடிவெடுக்கப்படும் என்று இருந்தது. முதல் படிவத்தில் உள்ள ஒவ்வொரு பிழையையும் நானே வெட்டித் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் இருந்தது. நான் செய்த பாவத்துக்கு அது குறைந்த தண்டனைதான். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, சாகடித்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கையெழுத்துப் போட்டேன். கொடி சுற்றிய அந்த ஒன்றை மட்டும் சாகடித்தேன்.

தை மாதம் அதிகாரி மறுபடியும் வந்தார், யாரும் அழைக்காமலே. அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அன்று மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். முதிரையில் இலை அடர்ந்திருந்தது, தான்றி குடை விரித்து நின்றது, எது எந்த மரத்தின் கிளை என்று பிரித்துப் பார்க்க முடியாத பச்சை. காலடியில் உக்கிய இலை மெத்தென்று அமுங்கியது. கல்லிடுக்கிலிருந்து ஊற்று தெளிந்த தண்ணீராக வாய்க்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு துளி சேறு இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார், மணந்தும் பார்த்தார். அவர் கண்ணில் பளபளப்பைக் கண்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நான் அவரை ஏசிய ஏச்சையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டேன். மனுஷனுக்கு விளங்கிவிட்டது என்று பேரின்பத்துக்குக் கண்ணால் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அதிகாரி மண்ணைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “என்ன மண் மிஸ் இது! நல்ல ஈரம், காத்தும் அடிக்கல்ல. இப்பிடியொரு இடத்தில தேக்கு வைச்சா எப்பிடி வளரும் எண்டு யோசிச்சுப் பாருங்க!”

ஆக, இலை இல்லாவிட்டால் செத்ததென்றும் இலை இருந்தால் தேக்குக்கு ஏற்றதென்றும் சொல்கிற ஊரில், வருகிற கச்சானில் மறு அளவீடு தொடங்கும்வரை நான் பென்சிலைத் தீட்டி வைத்திருப்பதோடு ஒரு விரலின் நகத்தையும் வெட்டாமல் வளர்த்து வருகிறேன்.